ஓவசியரின் கோட்டில் நாற்பத்தொரு புள்ளிகள்

சாமித்தம்பி ஓவசியருக்குச் சமாதான நீதவான் பதவி கிடைத்த கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சத்தியப்பிரமாணம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மட்டக்களப்பு நீதிமன்றத்தில். கடிதம் கொழும்பை விட்டுப் புறப்பட்டது கார்த்திகையில். களுதாவளைக்கு வந்து சேர்ந்தது தை பிறந்த பிறகு. வழியில் எத்தனை சோதனைச் சாவடிகளில் அது இறங்கி ஏறியதோ, உறையின் ஒரு பக்கம் பிரித்துப் பார்க்கப்பட்டு மறுபடி சோற்றால் ஒட்டப்பட்டிருந்தது. “அரசாங்கக் கடிதத்த அரசாங்கமே உடைச்சுப் பார்த்தா அதில குத்தமில்ல” என்றார் ஓவசியர். பதவி ஏற்குமுன்பே தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிட்டார்.

யுத்தம் நடக்கிற ஊரில் சமாதான நீதவானுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டுவிட முடியாது. பிடிபட்டவனுக்கு, காணாமற்போனவனுக்கு, எரிந்த வீட்டுக்கு, தொலைந்த அடையாள அட்டைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்தும் ஒரு றப்பர் முத்திரையும் தேவைப்பட்ட காலம் அது. ஊரில் அந்தக் கையெழுத்தை வைத்து வந்தவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் நல்லரத்தினம். அவருடைய படலையில் விடியற்காலையிலேயே சனம் நிற்பதை ஓவசியர் ஏழு வருடமாகத் தன் வீட்டு யன்னலால் பார்த்து வந்தார். அதைப் பொறாமை என்று சொல்ல முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் போனதும் நல்லரத்தினத்திடம்தான். ஆலோசனை கேட்கிற சாட்டில் காட்டிவிட்டு வர.

அதிபர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கோட் இரிக்கா ஓவசியர்?”

“கோட்டா?”

“கோட் இல்லாமப் போனா ரெஜிஸ்ட்ரார் ஆளையே நிமிர்ந்து பார்க்கமாட்டார். நான் சத்தியம் பண்ணின அண்டு ஒருத்தர் வெறும் சேட்டோட வந்து நிண்டவர். வழக்குக்கு வந்த எதிரி எண்டு நினைச்சுக் கூண்டில ஏத்திப்போட்டானுகள். பாவம் மனிசன். இறக்கி எடுக்க மத்தியானமாப் போச்சு.”

கூண்டு என்றதும் ஓவசியர் தன் சேட்டைக் குனிந்து பார்த்தார். ஆனால் அவரிடம் கோட் இருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டு மந்திரி ஒருவர் அணைக்கட்டின் கதவைத் திறந்து வைக்க வந்தபோது தைத்த கரும்பச்சை ட்ரில் கோட். அந்த விழாவின் புகைப்படத்தில் மந்திரி முழுதாகவும், மாலை போட்டவர் முழுதாகவும், ஓரத்தில் ஓவசியரின் இடது கையும் கோட்டின் இடது பாதியும் விழுந்திருந்தன. மீதியை அவர் வாயால் சொல்லி நிரப்பிக்கொள்வார்.

புதன்கிழமை காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தார். தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு சேர்ந்து ஓடி, பள்ளிக்கூடத்தில் கிடந்து, திரும்பி வந்து, ஆறு மாரியைக் கண்ட பெட்டி. திறந்ததும் வாவிக்கரைச் சேற்றின் மணம் வந்தது. கோட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. காலர், தோள், இரண்டு கை, முதுகு என்று ஓரிடம் மிச்சமில்லாமல் சாம்பலும் கறுப்புமாய்ப் பூத்துக் கிடந்தது.

ஓவசியர் திகைக்கவில்லை. பென்சில் எடுத்தார். அணைக்கட்டில் எலிப்பொந்து எண்ணியவர் இப்போது கோட்டில் புள்ளி எண்ணினார். பெரிது பதினாறு, சிறிது இருபத்தைந்து. மொத்தம் நாற்பத்தொன்று.

“எண்ணினாப் போகுமா?” என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை, குசினி வாசலில் நின்று. “இஞ்சாருங்க, முதல்ல அத முத்தத்துக்குக் கொண்டு போங்க. நனைக்காம, காஞ்சபடி பிரசால நல்லாத் தட்டுங்க. நனைச்சா அது நூலுக்குள்ள இறங்கிரும். தட்டிப்போட்டு, உள் தையல்ல ஒரு மூலையில தேசிக்காயும் உப்பும் தேச்சுப் பாருங்க. நிறம் போகாட்டி மிச்சத்துக்கும் தேச்சு வெயில்ல போடலாம்.”

“வெயில் எங்க புள்ள இரிக்கி?”

“வரும். மாரி முடியப் போகுதுதானே.”

“வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வருமா?”

“அத நான் எப்பிடிச் சொல்ல? நீங்கதானே தண்ணிக் கந்தோரில இரிந்தயள்.”

தேசிக்காயும் உப்பும். எலுமிச்சை பிழிந்து உப்புத் தேய்ப்பது ஓவசியருக்கு மீன் பொரிக்கிற வேலையாகப் பட்டது. நீதவானின் கோட்டுக்கு உரிய வேலையாகப் படவில்லை. மறுபடி அதிபரிடம் போனார். ஒருகாலத்தில் விஞ்ஞானம் படிப்பித்த நல்லரத்தினம், “இது பங்கசு” என்று தொடங்கி, அதன் வித்துகள் காற்றில் பரவும் விதத்தைக் கால்மணி நேரம் விளக்கி, “வினாகிரியில ஊற வையுங்க. தட்டவே வேணாம், தட்டினா வித்து வீடு முழுக்கப் பரவும்” என்று முடித்தார்.

மனைவி நனைக்காதே என்றாள். அதிபர் நனை என்றார். மனைவி தட்டு என்றாள். அதிபர் தட்டாதே என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஓவசியர் இரண்டையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டதில் எதை யார் சொன்னது என்பதும் குழம்பிப் போனது. இப்படியான நேரத்தில் மூன்றாவது ஆளைக் கேட்பது திணைக்கள வழக்கம். அதனால் குழப்பம் தீராது. ஆனால் பொறுப்பு மூன்றாகப் பிரியும்.

மூன்றாவது ஆள் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருந்த மார்கிறட். இளைப்பாறிய மருத்துவமாது, ஊருக்கு மிஸ்ஸி. கிணறுகளுக்குப் போடவென்று கொடுத்த குளோரின் தூள் அவளிடம் ஒரு தகரம் இருந்தது.

“பூஞ்சணமா? வெள்ளைத் துணிக்கெண்டா குளோரின் தூளை அடிக்க ஒரு மருந்துமில்ல” என்றாள் மார்கிறட். “ஆனா ஓவசியர்...”

“விளங்கிட்டு மிஸ்ஸி.”

“முழுக்கக் கேளுங்கவன். நிறத்துணி எண்டா...”

“விளங்கிட்டு. முப்பது வருசம் கொங்கிறீற்றோட சீவிச்சவன் நான். எனக்குத் தூள் கலக்கத் தெரியாதா?”

பெண்கள் ஒரு வசனத்தை முடிக்கும்வரை நின்று கேட்பது அவருடைய சேவைக்காலத்தில் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலத்தோடு அவர் ஒழுங்கையைக் கடந்தபோது மார்கிறட் படலையில் நின்று கையை ஆட்டினாள். அவர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு தானும் கையை ஆட்டினார்.

வியாழக்கிழமை முழுக்க மழை. அறைக்குள் மத்தியானமே பொழுதுபட்ட மாதிரிக் கிடந்தது. ஓவசியர் தூளைத் தண்ணீரில் களியாகக் குழைத்து, ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, நாற்பத்தொரு புள்ளிக்கும் ஒவ்வொன்றாக வைத்தார். கரை பலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு விரற்கடை அகலம் கூட்டி வைத்தார். அரைமணி நேரம் கழித்துக் கிணற்றடியில் அலசினார். ஈரத்தில் கோட் ஒரே கரும்பச்சையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

“சீதேவி! வந்து பார் புள்ள. உன்ட தேசிக்காயும் உப்பும் செய்யுமா இத?”

அவள் வந்து பார்த்தாள். கோட்டை வாங்கிக் குசினி அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கொடியில் விரித்தாள். அடுப்புச் சூட்டில் அது காயத் தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குசினிக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது.

“என்ட புள்ளையாரே!”

ஓவசியர் ஓடிப் போனார். கோட்டில் பூஞ்சணம் இல்லைத்தான். அது இருந்த இடமெல்லாம் மஞ்சளும் மண்ணிறமும் வெளிர்பச்சையுமாய், வாழையிலையும் கருவாடும் சேர்த்து மிதித்த மாதிரி, திட்டுத் திட்டாய்ப் படர்ந்திருந்தது. பெரிய திட்டுகள் ஒன்றோடொன்று ஓடிப் பொருந்தியிருந்தன. இந்த மாதிரித் துணியை அந்த ஊரில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். யாரும் வீட்டில் வைத்திருக்கவில்லை.

“இது அவனுகட உடுப்பெல்லோ!” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“எவனுகட?”

“எனக்கென்ன தெரியும்? பகல்ல றோட்டில நிக்கிறவனுகளும் இதத்தான் போடுறானுகள். ராவில வாவிக்கு அங்கால படுவான்கரையில இரிந்து தோணியில வாறவனுகளும் இதத்தான் போடுறானுகள்.”

ஓவசியர் உட்கார்ந்துவிட்டார். அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆமிக்காரன் கண்டால் இவர் இயக்கம். இயக்கம் கண்டால் இவர் ஆமிக்கு ஆள். இருபத்துநாலு மணி நேரமும் குற்றவாளியாக இருக்கக்கூடிய ஒரு கோட்டை அவர் சொந்தக் கையால், ஈர்க்கு நுனியால், புள்ளி புள்ளியாகச் செய்து முடித்திருந்தார்.

“எரிச்சிருவம்” என்றார்.

“ஈரத்துணி. புகை கோயில் கோபுரத்துக்கு மேல போகும். ஆமிக் காம்புக்குத் தெரியாதா?”

“தாட்டிருவம்.”

“போன கிழமை முன்வீட்டு எருக்குழியக் கிண்டினவனுகள். புதுமண் கண்டா விடுவானுகளா?”

“வாவியில போட்டா?”

“மிதக்கும். ஆரிட துறையில போய் ஒதுங்குதோ அவன்ட குடும்பம் துலைஞ்சுது.”

“சரி, பெட்டிக்குள்ளயே வச்சிருவம்.”

“நாளைக்கு நீங்க சத்தியம் பண்ணப் போனாப்பிறகு வீடு சோதிக்க வந்தா? நான் என்னத்தச் சொல்ல? மாமியிட சீலை எண்டா?”

அத்தோடு ஓவசியருக்கு இன்னொரு கூண்டும் நினைவுக்கு வந்தது. வெறும் சேட்டோடு போனால் நீதிமன்றக் கூண்டு. கோட்டோடு போனால் காம்புக் கூண்டு. எந்தக் கூண்டு பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தான் நீதவானாகப் போகிறவன் என்பது மறந்துபோனது.

வழி கண்டுபிடித்தது சீதேவிப்பிள்ளைதான். வீட்டில் இருந்த தேயிலை முழுவதையும் பெரிய பானையில் கொட்டிக் கொதிக்க வைத்து, சாயம் தார் மாதிரி இறங்கியதும் கோட்டை உள்ளே அமுக்கினாள். வெள்ளிக்கிழமை காலை எடுத்துப் பிழிந்தபோது கோட் தலை முதல் கால் வரை ஒரே கரும் மண்ணிறமாக இருந்தது. ஓவசியர் கிழக்கே பிடித்துப் பார்த்தார், மேற்கே பிடித்துப் பார்த்தார். ஒரு திட்டும் இல்லை.

“நான் சொல்லல்லையா, எல்லாம் சரிவரும் எண்டு” என்றார்.

“எப்ப சொன்னயள்?”

“மனசுக்குள்ள.”

காய வைக்க நேரமில்லை. ஈரக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏழரை பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் சனம் நெருக்கியடித்தது. யன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மனித மூச்சின் சூட்டில் ஓவசியரிலிருந்து தேயிலை மணத்தோடு மெல்ல ஆவி எழும்பியது. பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு பனிச்சங்கேணி ஆள், மகள் வீட்டுக்கு வந்து திரும்புகிறவர். அவரிடம் ஓவசியர் மந்திரி வந்த கதையைத் தொடங்கினார். மந்திரி காரை விட்டு இறங்குகிற கட்டத்தில் அந்த ஆளின் பார்வை ஓவசியரின் தோளில் நின்றது.

ஓவசியர் குனிந்து பார்த்தார். இடது தோள் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த இடத்தில் வெளிர்மஞ்சள் திட்டு ஒன்று, மழை வடிந்த வயல் வட்டையில் வரம்பு தெரிகிற மாதிரி, மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

“ஐயா எங்க இறங்குறயள்?” என்றார் பனிச்சங்கேணி ஆள்.

“நீதிமன்றத்தடியில.”

“நான் இந்தா, முன்னுக்குப் போய் நிக்கிறன். எனக்கு இரிந்தா இடுப்பு நோகும்.”

அவர் எழும்பிப் போனார். காலியான சீட்டில், அத்தனை நெரிசலிலும், ஒருவரும் உட்காரவில்லை. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு திட்டு வெளிவந்தது. தேயிலை தன் பங்குக்கு நான்காவதாக ஒரு நிறத்தையும் சேர்த்திருந்தது. இப்போது அது நேற்றையதை விடத் திறம். கழற்றிவிடலாம். ஆனால் கழற்றி மடித்து மடியில் வைத்தால் ஒளித்து வைத்ததாகும். போட்டுக்கொண்டிருந்தால்? பகிரங்கமாக இருப்பதாகும். பகிரங்கமாக இருப்பது நல்லதா கெட்டதா என்று அவருக்கு விளங்குமுன் பஸ் நின்றது.

சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, வரிசையாக நடக்க வேண்டும். ஓவசியருக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் தள்ளித் தள்ளி நின்றதில் வரிசையில் அவருக்கு மட்டும் ஒரு தனி அறை கிடைத்தது.

இளம் சிப்பாய் ஒருவன் அவரைக் கண்டான். துவக்கு நிமிர்ந்தது.

“மே மொக்கத?”

இது என்ன என்று கேட்கிறான். முப்பது வருடச் சேவையில் ஓவசியர் சிங்களத்தில் அணைக்கட்டு, சீமெந்து, சம்பள உயர்வு எல்லாம் படித்திருந்தார். பூஞ்சணத்துக்குச் சொல் படிக்கவில்லை. கையால் காட்டப் பார்த்தார். விரல்களைக் குவித்து, கோட்டின் மேல் வைத்து, மெதுவாக விரித்தார். அது குண்டு வெடிப்பதைப் போல இருந்தது. சிப்பாய் இரண்டடி பின்னால் போய் யாரையோ கூப்பிட்டான்.

மண்மூட்டை அரணுக்குள் இருந்து நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன்ட் வந்தார். கோட்டைச் சுற்றி வந்தார். காலரைப் பிடித்து மோந்தார். மறுபடி மோந்தார்.

“புஸ்?” என்றார்.

பூஞ்சணத்துக்கு அதுதான் சிங்களம் என்று ஓவசியருக்கு அந்தக் கணத்தில் யாரோ காதில் சொன்ன மாதிரி விளங்கியது. “ஓவ், ஓவ்! புஸ்! புஸ்!” என்று துள்ளினார்.

சார்ஜன்ட் தன் தொப்பியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுவதும் கறுப்புப் புள்ளி. கையைத் தூக்கிச் சேட்டின் அக்குளைக் காட்டினார், அங்கேயும். அரணுக்குள் கைநீட்டி ஒரு போர்வையை இழுத்துக் காட்டினார்; அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஓட்டைத் தமிழில் கேட்டார்:

“மூணு மாசம் மழை. எல்லாம் புஸ். ஐயா என்ன போட்டது? இது போச்சே. என்ன மருந்து?”

தான் விசாரிக்கப்படுகிறோமா, வைத்தியம் கேட்கப்படுகிறோமா என்று ஓவசியருக்குப் பிடிபடவில்லை. துவக்கு இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது. சார்ஜன்ட் சட்டைப்பையில் இருந்து பேனா எடுத்திருந்தார்.

“குளோரின்...” என்று தொடங்கினார்.

“குளோரின்?” சார்ஜன்டின் பேனா நின்றது. தூள் எதுவானாலும் சாவடியில் அது குண்டு மருந்துதான். “எங்க எடுத்தது? யாரு குடுத்தது?”

படலையில் நின்று கையை ஆட்டிய மார்கிறட் ஓவசியரின் கண்ணுக்குள் வந்தாள்.

“குளோரின் போடப்படாது மாத்தையா!” என்றார். “அதத்தான் சொல்ல வந்தன். போடவே படாது. முதல்ல முத்தத்துக்குக் கொண்டு போகணும். நனைக்காம, காஞ்சபடி பிரசால தட்டணும். நனைச்சா நூலுக்குள்ள இறங்கிரும். பிறகு தேசிக்காயும் உப்பும். உள்ளுக்க ஒரு மூலையில தேச்சுப் பார்த்து, நிறம் போகாட்டி மிச்சத்துக்கும். மறுகா வெயில்.”

சீதேவிப்பிள்ளை சொன்னதில் ஒரு சொல் குறையாமல் வந்தது. அவள் சொன்னபோது தான் அதைக் கேட்டோம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சார்ஜன்ட் ஒவ்வொன்றாக எழுதி, வாசித்துக் காட்டி, சரிபார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றச் சொன்னார்.

“இது இங்க இருக்கட்டும். அடுத்த சாவடி ஆள் நல்லமில்ல. கேட்கமாட்டான், சுடுவான். பின்னேரம் வந்து எடு.”

வெறும் சேட்டோடு, கூண்டில் ஏறத் தயாராகி, ஓவசியர் நீதிமன்றத்துக்குள் போனார். பதவி ஏற்க வந்திருந்தவர்கள் பதினொரு பேர். ஒருவரிடமும் கோட் இல்லை. ஓட்டமாவடி வியாபாரி அஹமட் சாரத்தோடு வந்திருந்தார். ரெஜிஸ்ட்ரார் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது உண்மைதான். கோட் போட்டிருந்தாலும் பார்த்திருக்கமாட்டார். பயமோ பட்சமோ இன்றி உண்மையாய் நடப்பேன் என்று பதினொரு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். மூன்று நிமிடம்.

“இவ்வளவுதானா?” என்றார் ஓவசியர், பக்கத்தில் நின்ற அஹமட்டிடம்.

“வேற என்ன நானா? பிரியாணியா?”

கோட் எதற்கு, கூண்டு எங்கே, நல்லரத்தினம் சொன்ன அந்தப் பாவப்பட்ட மனிதர் யார் என்று விசாரிக்காமலே அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது வெயில் எறித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு எறித்த வெயில். பஸ்ஸை விட்டிறங்கிச் சாவடிக்கு நடந்த ஓவசியர் பத்து யார் தூரத்தில் நின்றுவிட்டார்.

காம்பின் முள்ளுக்கம்பி வேலி நெடுகச் சீருடைகள் காய்ந்தன. கீழே பிழிந்த தேசிக்காய்த் தோல் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் பிரசால் தட்டி, உப்பு வைத்துத் தேய்த்து, ஒழுங்காக விரித்திருந்தார்கள். பச்சை, மஞ்சள், மண்ணிறம். பச்சை, மஞ்சள், மண்ணிறம். கடைசித் தொங்கலில் இருந்து மூன்றாவது அவருடைய கோட். வரிசையில் அதுதான் எடுப்பாக இருந்தது.

சார்ஜன்டைக் காணவில்லை. காலையில் நின்ற சிப்பாயையும் காணவில்லை. முறை மாறிவிட்டது. அரணுக்குள் இருந்து கொஞ்சம் தமிழ் தெரிந்த புது முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“ஏய் ஐயா! என்ன பாக்குறது?”

“இல்ல, சார்ஜன்ட் மாத்தையா...”

“சார்ஜன்ட் இல்ல. றவுண்ட் போனது. என்ன வேணும்? உடுப்பு ஏன் பாக்குறது? உங்கட உடுப்பு இதுல இருக்கா?”

துவக்கு மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. ஓவசியர் வேலியைப் பார்த்தார். தொங்கலில் இருந்து மூன்றாவதா, நாலாவதா? இப்போது அதுவும் தெளிவாக இல்லை. ஓம் என்று சொன்னால், ஆமிக் காம்பு வேலியில் தொங்குகிற இந்த உடுப்பு என்னுடையது என்று ஒரு சமாதான நீதவான் ஒப்புக்கொண்டதாகும். எத்தனை பேருக்கு எத்தனை கையெழுத்து வைத்தாலும் அதற்குப் பிறகு தனக்குக் கையெழுத்து வைக்க நல்லரத்தினத்தைத்தான் தேட வேண்டிவரும்.

“ஒண்டும் என்ட இல்ல மாத்தையா” என்றார்.

“அப்ப ஏன் பாத்தது?”

ஓவசியர் வேலிப்பக்கம் கையைக் காட்டினார்.

“பூஞ்சணம் போயிட்டா எண்டு பாத்தன்.”

சிப்பாய் வேலியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி வேலியைப் பார்த்தான். பிறகு, போ என்று கையைக் காட்டினான்.

சொன்னது உண்மைதான். பூஞ்சணம் சுத்தமாகப் போயிருந்தது. பதவி ஏற்ற பிறகு அன்று பகலில் ஓவசியர் பேசியதில் பயமோ பட்சமோ இன்றிச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். பயம் மட்டும் கொஞ்சம் இருந்தது.